பணிவிடை முடிந்த பின்

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடைக்கு வருபவர்கள் கல்வியைப் பற்றியோ ஒற்றுமையைப் பற்றியோ பேசுவது வழக்கம். அவை பேசத்தக்க பொருள்களே. ஆயினும் நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் வேறு. வீட்டிலே படுத்த படுக்கையாய்க் கிடந்த தாயையோ தந்தையையோ பல மாதங்கள் உடனிருந்து பார்த்து, ஒருநாள் அவரை இழந்துவிட்ட மகனோ மகளோ அதன்பின் எவ்வாறு வாழத் தொடங்குவது? முன்பு ஆடிய பந்தை மீண்டும் தொடலாமா? மூடிவைத்த ஆர்மோனியத்தைத் திறக்கலாமா? திறந்தால் ஊர் என்ன சொல்லும்? இதுவே என் பொருள். விழா நாளில் இது எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். இச்சபையிலே இத்துயரைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். காணாத இளைஞர்களும் ஒருநாள் காணவேண்டியவர்களே. ஆகையால் இது எல்லோருக்கும் உரிய பொருள் என்று துணிந்தேன்.

நம்முடைய இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்களில் நோயாளியைப் பார்ப்பது என்றால் என்ன என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பெரும்பாலான லயங்களில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பராவும் ஒரு இஸ்தோப்பும்தான். சோறு ஆக்குவதும், பிள்ளை படிப்பதும், நோயாளி கிடப்பதும் அந்த ஓரிடத்திலேயே. மழை பிடித்துக்கொண்டால் தகரத்தின் ஓசையில் நோயாளி முனகுவதுகூடக் கேளாது. ஆஸ்பத்திரியில் பார்க்கவேண்டியதைப் பார்த்துவிட்டு, "இனி வீட்டிலே வைத்துப் பாருங்கள்" என்று டாக்டர் ஐயா சொன்ன நாளிலிருந்து, குடும்பத்தில் ஒருவருடைய வாழ்க்கை வேறாகிவிடுகிறது. பால்வெட்டுக்குப் போகிறவர் விடியுமுன் போய் நண்பகலுக்குள் திரும்பி, பிற்பகலில் பார்க்கிறார். கொழுந்துக்குப் போகிறவள் போகாமல் நின்றால் அன்றைக்குப் பேர் இல்லை. பேர் இல்லையேல் சம்பளமும் இல்லை. ஆகவே யார் நிற்பது என்ற பேச்சு வருகிறது. பேச்சு முடிந்தபின் பார்த்தால், பெரும்பாலும் கலியாணமாகாத மகளோ கடைக்குட்டி மகனோதான் நிற்பார்கள்.

இவ்வாறு நிற்பவர்கள் சம்பளத்தை இழப்பது எல்லோருக்கும் தெரிகிறது. அவர்கள் இழக்கும் வேறு சில பொருள்களை ஒருவரும் கணக்கில் எழுதுவதில்லை. மாலையில் வொலிபோல் ஆடப் போன பையன் போவதில்லை. வெள்ளிக்கிழமைப் பஜனையில் முன்குரல் கொடுத்த பெண்ணின் இடத்தில் வேறொருத்தி பாடுகிறாள். வாசிகசாலையில் எடுத்த புத்தகம் பாதியிலே மடிக்கப்பட்டுக் கிடக்கிறது. மாசி மாதம் காமன் கூத்துக்குத் தப்படித்த கை, அந்த மாசியில் தகப்பனாரின் முதுகுக்கு எண்ணெய் தேய்க்கிறது. அதை அவர்கள் மனமுவந்தே செய்கிறார்கள். அப்படிச் செய்தபோதும் இழப்பு இழப்பேயாகும்.

பிறகு ஒருநாள் அந்த உயிர் பிரிகிறது. லயம் முழுவதும் திரண்டு வருகிறது. பதினாறாம் நாள்வரை வீட்டில் ஆள் குறைவதில்லை. பதினேழாம் நாள் காலையில் எல்லோரும் மலைக்குப் போய்விடுகிறார்கள். பக்கத்திலிருந்து பார்த்தவர் தனியே உட்கார்ந்திருக்கிறார். இரவில் மருந்து கொடுத்த நேரத்துக்கு விழிப்பு வருகிறது. எழுந்து பார்த்தால் பாய் வெறுமையாய் இருக்கிறது. ஆறு மாதம், ஒரு வருடம் ஓயாமல் உழைத்த கைகளுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அந்த வேளையில் இரண்டு சொற்கள் அவரைச் சுடுகின்றன. "கடைசி நேரத்தில் நான் பக்கத்தில் இல்லாமற் போனேனே" என்பது ஒன்று. அது அவருடைய நெஞ்சே சொல்வது. "அதற்குள் இவனுக்குப் பந்தாட்டமா, இவளுக்குப் பாட்டா" என்பது மற்றொன்று. அது ஊர் சொல்வது. இந்த இரண்டைப் பற்றியும் சிந்திக்க நமக்கு ஒரு பெரியவருடைய வாழ்க்கை துணை செய்கிறது. அவர் மகாத்மா காந்தியடிகள்.

காந்தியடிகளை நாட்டு விடுதலைக்கு உழைத்தவராக நாம் அறிவோம். 1927ஆம் ஆண்டு நவம்பரில் அவர் இலங்கைக்கு வந்ததையும் அறிவோம். ஆனால் அவர் பதினாறு வயதளவில் தந்தைக்குப் பணிவிடை செய்து தந்தையை இழந்த மகன் என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்? 'சத்திய சோதனை' என்ற தமது வரலாற்றில் அவரே இதை ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார்.

சிறுவயதில் சிரவணன் கதையைக் கூறும் ஒரு நாடக நூலை அவர் படித்தார். கண்ணிழந்த பெற்றோரைக் காவடியில் வைத்துத் தோளிலே சுமந்த அந்த மகனின் கதை நமக்கும் தெரிந்ததே. ஊர்ஊராய்ப் படம் காட்டி வந்தவர்களிடமும் அக்காட்சியைக் கண்டார். சிரவணன் இறந்தபோது பெற்றோர் அழுத புலம்பல் அவர் உள்ளத்தை உருக்கிற்று. தந்தை வாங்கிக் கொடுத்திருந்த கான்சர்டினா என்னும் துருத்தி வாத்தியத்தில் அந்தப் புலம்பலின் இசையை வாசித்துப் பழகினார். பெற்றோர் பக்தியும் வாத்தியப் பொழுதுபோக்கும் அந்தப் பிள்ளையிடம் ஒன்றாகவே வளர்ந்தன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பின்பு தந்தை கரம்சந்த் காந்தி பவுத்திர நோயால் படுக்கையில் விழுந்தார். தாயாரும், பழைய வேலைக்காரர் ஒருவரும், காந்தியுமே பணிவிடை செய்தவர்கள். புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், மருந்து கொடுப்பதும், வீட்டிலே மருந்து கலக்கவேண்டியிருந்தால் கலப்பதும் அவர் பொறுப்பு. ஒவ்வோர் இரவும் தந்தையின் கால்களைப் பிடித்துவிடுவார். அவர் போகச் சொன்னபின் அல்லது உறங்கியபின்னரே படுக்கப் போவார். பள்ளிக்கூட நேரம் போக மற்ற நேரமெல்லாம் தந்தைக்கே. மாலையில் உலாவப் போவதுகூடத் தந்தை அனுமதித்தால், அல்லது அவர் உடம்பு சற்று நன்றாயிருந்தால் மாத்திரமே.

பள்ளியிலும் இதனால் ஓர் இடர் வந்தது. தலைமையாசிரியர் உயர்வகுப்பு மாணவர்களுக்குத் தேகப்பயிற்சியையும் கிரிக்கெட்டையும் கட்டாயமாக்கினார். பள்ளி விட்டதும் தந்தையிடம் ஓடவேண்டும் என்று துடித்த பையனுக்கு அது பாரமாயிற்று. ஒருநாள் வானம் மூடியிருந்ததால் நேரம் தெரியாமல் தாமதமாகப் போனார். காரணத்தைச் சொன்னார், ஆசிரியர் நம்பவில்லை, ஓரணாவோ இரண்டணாவோ அபராதம் விதித்தார். பொய்யன் என்று கருதப்பட்டதே அவருக்குப் பெருந்துயர். பின்னர் தந்தையே கடிதம் எழுதி விலக்கு வாங்கிக் கொடுத்தார். விளையாட்டுக் குழுத் தலைவர்களாய் இங்கே இருக்கும் தம்பிகள் இதை நினைவில் வைக்க வேண்டும். பயிற்சிக்கு வராதவன் பெயரை வெட்டுமுன் அவன் வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

1885ஆம் ஆண்டில் அந்த இரவு வந்தது. மணி பத்தரையோ பதினொன்றோ இருக்கும். காந்தி தந்தையின் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். சிறிய தகப்பனார் வந்து, தாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பையன் மகிழ்ந்து தம் அறைக்கு, தம் இளம் மனைவியிடம் போனார். ஐந்தாறு நிமிடத்தில் வேலைக்காரன் கதவைத் தட்டினான். தந்தை போய்விட்டார். அந்தச் சில நிமிடம் தாம் அருகில் இல்லாததைத் தம்மால் மறக்கவோ துடைக்கவோ முடியவில்லை என்று பல ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் எழுதினார்.

அன்பர்களே! அவர் தம்மைக் கடிந்துகொண்டது அவருடைய உள்ளத்தின் நேர்மை. கேட்டுக்கொண்டிருக்கும் நாம் வேறொன்றையும் காணவேண்டும். எத்தனை எத்தனை இரவு அந்தப் பிள்ளை கால் பிடித்தது! மாதக்கணக்கான அந்தப் பணியை ஐந்து நிமிடம் அழித்துவிடுமா? நோயாளியின் மூச்சு எப்போது நிற்கும் என்பது பார்ப்பவரின் கையில் இல்லை. தேநீர் ஊற்றப் போன நேரத்தில் அது நிற்கும்; பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்திலும் நிற்கும். "நான் இல்லாமற் போனேனே" என்று உங்கள் லயத்திலே ஒரு பெண் அழுதால், அவளிடம் சொல்லுங்கள்: "அம்மா, கடைசி நிமிடத்தில் நீ இல்லாமலிருக்கலாம், அதற்கு முந்திய முன்னூறு நாளும் நீதான் இருந்தாய்."

இனி அடுத்த செய்தி. தந்தை இறந்தபின் அந்தப் பிள்ளை என்ன செய்தது? படிப்பைத் தொடர்ந்து 1887இல் மெட்ரிகுலேஷன் தேறியது. 1888இல் இலண்டனுக்குச் சென்றது. அனுமதி கிடைத்தால் மாத்திரம் மாலையில் உலாவிய அந்தக் கால்கள், இலண்டனில் நாளொன்றுக்கு எட்டு மைல், பத்து மைல் நடந்தன. அந்த நடைப் பழக்கமே தமக்கு உடல் வலிமை தந்தது என்று அவர் கூறுகிறார். 1930இல் தண்டிக்கு உப்பெடுக்க ஏறக்குறைய 240 மைல் நடந்தவையும் அதே கால்கள்தாம்.

1891இல் பாரிஸ்டராகத் திரும்பியபோது, தாயாரும் இறந்துவிட்ட செய்தி பம்பாயில் அவருக்குச் சொல்லப்பட்டது. அந்நிய நாட்டில் அவர் தனியே கலங்கக்கூடாது என்று தமையனார் மறைத்து வைத்திருந்தார். தந்தை இறந்தபோது வந்ததைவிட இது பெரிய துக்கம் என்கிறார் காந்தியடிகள். ஆயினும் கண்ணீரை அடக்கிக்கொண்டு, ஒன்றும் நிகழாதது போல் அன்றாட வாழ்வில் இறங்கினார் என்றும் எழுதுகிறார். எல்லோரும் அவ்வாறு அழுகையை அடக்கவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை, அழுவது நல்லது. அன்றாட வாழ்வில் இறங்கியதால் தாயிடம் அவர் வைத்த அன்பு குறைந்ததென்று எவரும் சொல்லமாட்டார் என்பதையே சொல்கிறேன்.

தந்தைக்குச் செய்த பணிவிடையும் அவரோடு நின்றுவிடவில்லை. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரில், பார்சி ருஸ்தம்ஜியின் கொடையால் நடந்த ஒரு சிறு தர்ம ஆஸ்பத்திரியில் நாள்தோறும் ஓரிரு மணிநேரம் தொண்டு செய்தார். அந்த வேலை தம் மனத்துக்கு அமைதி தந்தது என்கிறார். 1899இல் போயர் யுத்தம் மூண்டபோது ஏறக்குறைய 1,100 இந்தியர்களைக் கொண்ட தொண்டர் படையோடு காயமுற்றோரைச் சுமந்தார். தந்தையின் புண்ணுக்குக் கட்டுப் போடக் கற்ற கை, ஊராரின் புண்ணுக்கும் கட்டுப் போட்டது. நம்மிடையே நோயாளியைப் பார்த்துத் தேர்ந்த எத்தனை மகள்மார் இருக்கிறார்கள்! புரட்டிப் படுக்கவைக்கவும், படுக்கைப்புண் வராமல் காக்கவும் அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? அவர்களில் விரும்புவோருக்குத் தாதியர் பயிற்சிக்கு வழி தேடிக் கொடுப்பது சங்கத்துக்கு ஒரு நல்ல வேலை.

"அதெல்லாம் மகான்களுக்கு, நமக்கு வழக்கம் என்று ஒன்று உண்டு" என்று பெரியோர் சிலர் சொல்லலாம். வழக்கத்தையே பார்ப்போம். நம் முன்னோர் துக்கத்துக்கு நாள் குறித்தார்கள். பதினாறாம் நாள் கருமாதி; வருடம் நிறைந்தால் திவசம்; அதன்பின் தந்தைக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி. கருமாதியன்று பல குடும்பங்களில் மகனுக்கு எண்ணெய் முழுக்காட்டி, மாமன்மார் புதுத் துணியை உருமாலாகக் கட்டி, சபையில் உட்காரவைக்கிறார்கள். அதன் பொருள் என்ன? "நீ அழுதது போதும், எழுந்து வா, உன் இடம் இங்கே இருக்கிறது" என்று சுற்றத்தார் சொல்வதுதானே? நாளைக் குறித்தவர்கள் முடிவைக் குறித்தார்கள். அந்த ஒரு வருடத்தில் தீபாவளிக்குப் பலகாரம் சுடாமலிருப்பது மரியாதை. அதற்காகப் பையன் பந்தைத் தொடக்கூடாது, பெண் புத்தகத்தைத் திறக்கக்கூடாது என்று எந்தச் சடங்கும் விதிக்கவில்லை.

இங்கே ஒரு குறையையும் சொல்லவேண்டும். உருமால் மகனுக்குக் கட்டப்படுகிறது. கொள்ளி வைத்தவன் அவன், ஆகையால் சரிதான். ஆனால் இரவெல்லாம் விழித்தவள் மகளாயிருந்தால், அவளுக்கு யார் துணி கட்டி "எழுந்து வா" என்று சொல்கிறார்கள்? கொழும்பிலிருந்து பதினாறு நாளைக்கு வந்த அண்ணன் உருமாலோடு திரும்பிப் போகிறான். பக்கத்திலிருந்து பார்த்தவள் துக்கத்தோடு அங்கேயே விடப்படுகிறாள். அவளுக்கும் அன்றே ஒரு புதுச்சேலை எடுத்துக் கொடுத்து, ஒரு தாய் அவள் தலையைத் தடவி, "மகளே, நீ செய்ததற்குமேல் ஒருவரும் செய்ய முடியாது, இனி உன் வேலையைப் பார்" என்று சபையறியச் சொன்னால் என்ன குறைந்துபோகும்? சடங்கு மாறவேண்டியதில்லை. ஒரு சேலையும் ஒரு சொல்லும் கூடினால் போதும்.

பாட்டும் கூத்தும் துக்கத்துக்குப் பகை என்பதும் நம் வழக்கத்துக்கு ஒவ்வாது. நம் தாய்மார் அழும்போது ஒப்பாரியாகவே அழுதார்கள், ஒப்பாரி பாட்டுத்தானே? மலையகமெங்கும் நம்மவர் ஆடும் காமன் கூத்தில், காமன் எரிந்தபின் ரதி புலம்பும் கட்டத்தில் சபையே கண்ணீர் விடுகிறது. தப்பு சாவுக்கும் ஒலிக்கிறது, திருவிழாவுக்கும் ஒலிக்கிறது. சிரவணனின் பெற்றோர் புலம்பலைக் கான்சர்டினாவில் வாசித்த பிள்ளைக்கும், ரதி புலம்பலுக்குத் தப்படிக்கும் நம் பிள்ளைக்கும் வேற்றுமை இல்லை.

இக்கால ஆராய்ச்சியும் இதற்குத் துணை நிற்கிறது. அமெரிக்காவில் மறதி நோயால் நலிந்தவர்களை வீட்டிலே பார்த்த 217 குடும்பத்தினரை ஆராய்ந்து, 2003இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அவர்களிற் பாதிப்பேர் வாரத்துக்கு 46 மணிநேரமோ அதற்கு மேலோ பணிவிடை செய்தவர்கள். நோயாளி இறந்தபோது தமக்கு ஓர் ஆறுதலும் உண்டானது என்று நூற்றுக்கு 72 பேர் சொன்னார்கள். அவ்வாறு தோன்றுவதைப் பலர் பாவம் என்று நினைத்து உள்ளுக்குள் வேகிறார்கள். பாரம் இறங்கினால் தோள் இலேசாகும். அதனால் சுமந்த அன்பு பொய்யாகிவிடாது. மூன்று மாதத்துக்குள் அவர்களுடைய மனச்சோர்வு குறையத் தொடங்கியதையும் அந்த ஆராய்ச்சி கண்டது. 1999இல் ஒல்லாந்து நாட்டு அறிஞர்களான ஸ்ட்ரோப, ஸ்ஹுட் இருவரும் மற்றொன்றைக் கூறினார்கள். துக்கப்படுபவர் ஒருநேரம் இழப்பை நினைத்து அழுவதும், ஒருநேரம் அதை மறந்து அன்றாடக் காரியங்களில் ஈடுபடுவதுமாக மாறிமாறிப் போவதே இயல்பு. அந்த ஊசலாட்டத்திலேதான் மனம் ஆறுகிறது என்பது அவர்கள் கருத்து. ஆகவே காலையில் அழுத பெண் மாலையில் சிரித்தால் திகைக்கவேண்டாம். மனம் தன் வழியில் ஆறிக்கொண்டிருக்கிறது.

துயரில் இருக்கும் இளைஞர்களுக்குச் சில சொற்கள். இரவில் விழிப்பு வந்தால் பயப்படாதீர்கள். பல மாதப் பழக்கம் சில வாரத்தில்தான் போகும். மருந்து கொடுத்த நேரத்தை வெறுமையாய் விடாதீர்கள். அந்த நேரத்தில் ஒரு பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், அல்லது பாதியில் மடித்த புத்தகத்தில் இரண்டு பக்கம் படியுங்கள். முதல்நாளே முழு ஆட்டம் ஆடவேண்டாம்; மைதானத்தின் ஓரத்தில் போய் நில்லுங்கள், உருண்டு வரும் பந்தை எடுத்துக் கொடுங்கள். முதற்பாட்டில் குரல் உடைந்தால் உடையட்டும். சில பொழுதுபோக்குகள் திரும்பவும் பிடிக்காமல் போகலாம். புதிதாக ஒன்றைத் தேடிக்கொள்ளலாம்.

ஆனால் மாதங்கள் பல கடந்தும் உணவும் உறக்கமும் கொள்ளாமல், எதிலும் மனம் செல்லாமல், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அதைத் துக்கம் என்று மட்டும் எண்ணி விட்டுவிடாதீர்கள். ஆறு மாதத்துக்கு மேலும் ஒருவரை முடக்கிப்போடும் துக்கத்தை, 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் சிகிச்சைக்குரியதாகவே கொள்கிறது. வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் மாதக்கணக்குப் பார்க்காமல் அன்றே சொல்லவேண்டும். டாக்டரிடம் போவதில் வெட்கம் இல்லை. 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் தேசிய மனநல நிறுவகத்தினரோடு பேசவும் வழி உண்டு.

இறுதியாகச் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். சிவனொளிபாதமலைக்கு நம் இரத்தினபுரிப் பாதையால் ஏறி இறங்கியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஏறும்போது இளைக்கும், இறங்கும்போதுதான் முழங்கால் நடுங்கும். ஏறுகிறவருக்குக் கை கொடுக்கும் நாம், இறங்குகிறவரைத் தனியே விட்டுவிடுகிறோம். நோயாளி இருக்கும் வீட்டுக்கு வாரத்தில் ஒரு மாலை இரண்டு உறுப்பினர் போய், "அக்கா, இரண்டு மணிநேரம் நாங்கள் பார்க்கிறோம், நீங்கள் பஜனைக்குப் போய் வாருங்கள்" என்று சொல்ல முடியாதா? குழுவில் அவர்களுடைய இடத்தை எழுதி வைத்துக் காத்திருக்க முடியாதா? பதினேழாம் நாள் மாலையில் பந்தோடு அவன் வாசலுக்குப் போய்க் கூப்பிட முடியாதா? வரவில்லையென்றால் அடுத்த வாரமும் போங்கள். பெரியோர்களே, உங்களிடம் கேட்பது இதனினும் சிறிது. அவன் மைதானத்துக்கு வந்த முதல்நாள், ஊர் வாய் திறக்குமுன் நீங்கள் வாய் திறந்து, "வா தம்பி" என்று சொல்லிவிடுங்கள். உங்கள் சொல்லுக்கு மேல் ஒருவரும் சொல்லமாட்டார்.

பெற்றோருக்குப் பணிவிடை செய்த கைகள் புண்ணியம் செய்த கைகள். அந்தக் கைகளில் மறுபடியும் பந்தும் புத்தகமும் வாத்தியமும் விளங்குவதைக் காண்பதிலே, போன பெற்றோருக்கு மகிழ்ச்சியே உண்டாகும்.